வியட்நாம் மலையில் விழுந்தேன், கிளெய்ம் கிடைக்குமா?

கேள்வி

வயது 27. துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை, வீடு பெரம்பூர். சென்ற மார்ச்சில் கல்லூரி நண்பனோடு வியட்நாம் போனேன். முதுகில் ஒரு பை, ஹாஸ்டலில் பங்க் கட்டில், இரவுப் பேருந்து என்று ஆளுக்கு அறுபதாயிரத்துக்குள் முடிப்பதாகத் திட்டம். வடக்கே ஹா ஜியாங் மலைகளைச் சுற்றிவருவதுதான் முக்கிய நோக்கம். உள்ளூர்க்காரர்கள் நம்மைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப்போவார்கள். ஈஸி ரைடர் என்று பெயர். அதற்கான கூலியைக் கேட்டுவிட்டு, நாமே ஓட்டிக்கொள்ளலாம் என்று 110 சிசி வண்டி ஆளுக்கொன்று வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். என்னிடம் இந்திய கியர் வண்டி லைசென்ஸ் இருக்கிறது. கிளம்பும் முன் ஆர்.டி.ஓ.வில் ஆயிரம் ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கியிருந்தேன்.

இரண்டாம் நாள் மா பி லெங் கணவாய் தாண்டி, இறக்கத்தில் சரளையில் வண்டி சறுக்கியது. காலர் போன் முறிந்தது. வண்டிச் சேதத்துக்கு 90 லட்சம் டாங், நம் காசில் சுமார் 30,000, வைத்தால்தான் பாஸ்போர்ட் என்றார்கள். நண்பன் கார்டைத் தேய்த்தான். ஹனோய் வந்து தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள்: 85,000. திரும்பும் டிக்கெட் வீணாகி, புது டிக்கெட் 32,000. சென்னை வந்ததும் பாட்டி புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார். டாக்டர் பிளேட் வைக்க வேண்டும் என்றார். ஆபரேஷன் 1,60,000. எல்லாம் கைக்காசு.

டிக்கெட் போடும்போது ஆப்பிலேயே ஒரு டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன். கிளெய்ம் போட்டதற்கு, ‘செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வாகனம் ஓட்டியதால் ஏற்பதற்கில்லை’ என்று ஒரு வரி மெயில். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், ‘ஈஸி ரைடர்தான் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று மாற்றி எழுதிக்கொடு, வந்துவிடும்’ என்கிறார். அப்பாவோ, ‘போனது போகட்டும், கோர்ட்டு கேஸு என்று அலையாதே’ என்கிறார். நான் என்ன செய்வது? பெர்மிட் இருந்தும் லைசென்ஸ் இல்லை என்பது என்ன நியாயம்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்)

பதில்

முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் செலவிலேயே பெரிய தொகை சென்னை ஆபரேஷனுக்கு ஆன 1,60,000. அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை என்கிறீர்கள், கம்பெனியின் குரூப் மெடிக்கல் பாலிசி இல்லாமல் இருக்காது. விபத்து வெளிநாட்டில் நடந்தது, அதனால் அது வராது என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இப்படி நினைத்துக்கொண்டு கைக்காசைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அந்த பாலிசி பார்ப்பது சிகிச்சை எங்கே நடந்தது என்பதைத்தான். எலும்பு எந்த ஊரில் முறிந்தது என்பது அதற்குப் பொருட்டில்லை.

லைசென்ஸ் பிரச்சினை அங்கேயும் துரத்தாதா என்று கேட்பீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., மருத்துவ பாலிசிகளில் வரும் முக்கியமான விலக்குகளின் வாசகத்தை 2019 செப்டம்பரில் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரியாக்கியது. அதன்படி, சட்டத்தை மீறியதால் வந்த காயம் என்று மறுக்க வேண்டுமானால் குற்ற நோக்கத்தோடு மீறியிருக்க வேண்டும். ஆர்.டி.ஓ.வில் வரிசையில் நின்று பெர்மிட் வாங்கிக்கொண்டு போனவரைக் குற்ற நோக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. சாகச விளையாட்டு என்ற விலக்கும் அதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்குத்தான். வாடகை வண்டியில் மலை சுற்றியவர் அதில் வரமாட்டார். குரூப் பாலிசிகளில் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், ஹெச்.ஆரிடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி இந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். லீவு போட்டுவிட்டுப் போன இடத்தில் விழுந்ததற்கு மெமோ கொடுக்க மாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து நாளாகிவிட்டதே என்றால், ஆமாம், டிஸ்சார்ஜ் ஆன சில வாரங்களுக்குள் பேப்பர் கொடுக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். ஆனால் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நேர்மையான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஏன் தாமதம் என்று ஒரு கடிதம் எழுதி இணையுங்கள். வெளிநாட்டில் விபத்து, கம்பெனி பாலிசி பொருந்தாது என்று தவறாக நினைத்திருந்தேன், அவ்வளவுதான். உண்மையான காரணத்தைச் சுருக்கமாக எழுதினாலே போதும்.

கொடுக்க வேண்டிய பேப்பர்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: டிஸ்சார்ஜ் சம்மரி, இனம் இனமாகப் பிரித்த பில், ரசீதுகள், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே. இவற்றோடு பலரும் விட்டுவிடுவது, உள்ளே வைத்த பிளேட்டின் ஸ்டிக்கரும் அதன் இன்வாய்ஸும். ஆஸ்பத்திரி பில்லிங்கில் கேட்டால் கொடுப்பார்கள். அப்புறம் இன்னொரு சிக்கல் வரும். விபத்துக் காயம் என்று பார்த்ததும், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் பேப்பர்களைப் பார்க்கும் டி.பி.ஏ. நிறுவனத்தில் இருப்பவர், பழக்கதோஷத்தில், ‘ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எங்கே, எஃப்.ஐ.ஆர். எங்கே’ என்று கேட்பார். வியட்நாம் மலையில் விழுந்ததற்குப் பெரம்பூர் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. எங்கே, எப்போது, எப்படி விழுந்தீர்கள் என்று நீங்களே கையெழுத்திட்ட ஒரு விவரக்கடிதமும், ஹனோய் ஆஸ்பத்திரிப் பேப்பர்களும் கொடுங்கள். வியட்நாமிய மொழியில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்துவிட்டால் ஒரு மாதக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

பாட்டி சொன்ன புத்தூர் கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. எதில் எலும்பு நன்றாகக் கூடும் என்பது எலும்பு டாக்டர் சொல்ல வேண்டியது, எனக்கு அதில் வேலை இல்லை. ஆனால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால், 24 மணி நேர அட்மிஷன் இல்லை என்று கிளெய்மும் இருந்திருக்காது.

இப்போது ஏஜென்ட் சொன்ன வழி. அதை இன்றோடு மறந்துவிடுங்கள். நீதிபோதனைக்காகச் சொல்லவில்லை, அது வேலைக்கே ஆகாது. நீங்கள் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் படிவத்தில் நான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஹனோய் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்டபோது என்ன சொன்னீர்களோ அது அங்கே பதிவாகியிருக்கும். வண்டி வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. இவ்வளவும் போதாதென்று, அந்த மலையில் வண்டி ஓட்டியதை ரீல்ஸாகப் போட்டிருப்பீர்கள். கிளெய்ம் விசாரணைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் திறப்பது அதைத்தான். கதையை மாற்றினால், இன்று விவாதிக்க இடமுள்ள கிளெய்ம் மோசடிக் கிளெய்மாக மாறிவிடும். பாலிசியின் மோசடி விதிப்படி எல்லாத் தலைப்பிலும் பணம் போய்விடும். ஏமாற்றுதல் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் குற்றம். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கு விசா போட வேண்டிய வயதில் இருக்கிறீர்கள். ஏஜென்ட் கையெழுத்துப் போட மாட்டார், நீங்கள்தான் போடுவீர்கள்.

பெர்மிட் இருந்தும் லைசென்ஸ் இல்லையா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு நாட்டின் லைசென்ஸை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கு உலகத்தில் இரண்டு முக்கிய உடன்படிக்கைகள் உண்டு. ஒன்று ஜெனீவாவில் 1949-ல் ஆனது. இன்னொன்று வியன்னாவில் 1968-ல் ஆனது. இந்தியா கொடுக்கும் இன்டர்நேஷனல் பெர்மிட் 1949 உடன்படிக்கையின்படியானது. மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு மாதிரி இருந்த அந்தப் புத்தகத்தை 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நாடு முழுக்க ஒரே வடிவமாக்கியபோதும், ஜெனீவா உடன்படிக்கையைச் சொல்லித்தான் ஆணை போட்டது. வியட்நாம் 2014-ல் சேர்ந்தது 1968 உடன்படிக்கையில். அது ஏற்பதும் அந்த உடன்படிக்கையின்படி வந்த பெர்மிட்டைத்தான். ஆக, நீங்கள் பணம் கட்டி வாங்கிய பெர்மிட் போலி இல்லை, காலாவதியும் இல்லை. அந்த ஒரு நாட்டில் அது செல்லாது. அமெரிக்கர்களுக்கும் இதே கதிதான். ஹா ஜியாங் வழியில் போலீஸ் நிறுத்தி அபராதம் போடுவதும் பெரும்பாலும் இதற்காகவே.

வியட்நாமில் லைசென்ஸே இல்லாமல் ஓட்டக்கூடியது 50 சிசிக்கு உட்பட்ட வண்டியும், 4 கிலோவாட்டுக்கு மேற்படாத மின் மொபெட்டும்தான். உங்களுடையது 110. கடைக்காரர் சாவியைக் கொடுத்தாரே என்று கேட்காதீர்கள். அவருக்கு வேண்டியது வாடகை, பிணைக்கு உங்கள் பாஸ்போர்ட். உங்கள் லைசென்ஸ் அவர் கவலை இல்லை.

ஆக, இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னதில் உண்மை இருக்கிறது. அதனால் அவர்கள் சொன்னதே முடிவு என்றும் ஆகிவிடாது. இங்கேதான் நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

டிராவல் பாலிசிக்கு இரண்டு பேப்பர்கள் உண்டு. ஒன்று, உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் போட்ட ஒன்றிரண்டு பக்கச் சான்றிதழ். ஆப்பில் எடுத்தால் மெயிலுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, முப்பது நாற்பது பக்கத்துக்குப் பொடி எழுத்தில் இருக்கும் முழு வாசகம். விலக்குகள் இருப்பது இரண்டாவதில். டிக்கெட்டோடு டிக் அடித்து வாங்கியபோது அந்த முழு வாசகம் உங்களுக்கு வந்ததா? மெயிலில் இணைப்பாகவா, லிங்க்காகவா, அந்த லிங்க் திறக்கிறதா? ஸ்பேம் வரைக்கும் தேடுங்கள். வரவில்லை என்றால் உங்கள் கை கொஞ்சம் ஓங்குகிறது. டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த கடைக்கு பாலிசி கொடுத்து, பிரீமியமும் வாங்கிக்கொண்டு, தீப்பிடித்த பிறகு ‘அடித்தளம் என்றால் விலக்கு’ என்றார்கள். வாங்குகிறவருக்குத் தெரிவிக்காத விலக்கைக் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முழு வாசகம் வந்திருந்தால், அந்த விலக்கு என்ன சொல்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். ‘விபத்து நடந்த நாட்டின் சட்டப்படி செல்லும் உரிமம்’ என்று தெளிவாக இருந்தால், நேராகவே சொல்கிறேன், மருத்துவச் செலவைப் பொறுத்தவரை உங்கள் வழக்கு பலவீனம். வெறுமனே ‘செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம்’ என்று மட்டும் இருந்தால் பேச இடம் இருக்கிறது. இந்த ரக வண்டியை ஓட்டத் தகுதி பெற்றவர் என்று இந்திய அரசு கொடுத்த லைசென்ஸ் உங்களிடம் இருந்தது, அது காலாவதியாகவில்லை, ரத்தாகவில்லை. பாலிசி வாசகத்துக்கு இரண்டு பொருள் வந்தால், அதை எழுதிய கம்பெனிக்கு எதிரான பொருளைத்தான் எடுக்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்களில் ஊறிப்போன விதி. விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பாரமும் கம்பெனியுடையது. வேறு சில பாலிசிகளில் இவ்வளவு சிசிக்கு மேல் என்றாலே கிடையாது என்றுகூட இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, விலக்கு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. மருத்துவச் செலவுப் பகுதியின் கீழ் மட்டும் இருக்கிறதா, அல்லது எல்லாப் பகுதிக்கும் பொதுவான விலக்குகள் என்ற தலைப்பிலா? வக்கீல் இல்லாதவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. முதல் ரகமாக இருந்தால், பயணம் பாதியில் முறிந்ததற்கான பகுதி உயிரோடு இருக்கிறது. புது டிக்கெட்டின் 32,000-ஐ அதன் கீழ் தனியாகக் கேட்கலாம். உங்களுக்கு வந்த ஒரு வரி மெயிலில் டிக்கெட்டைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை.

அந்த ஒரு வரி மெயிலே சரியில்லை. 2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுக்கான தொகுப்புச் சுற்றறிக்கை, கிளெய்மை மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது. மறுப்புக்கு முன் கம்பெனிக்குள் இருக்கும் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே முதல் கடிதம், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் உள்ள எந்த விதி, முழு வாசகத்தை எனக்கு எப்போது அனுப்பினீர்கள், டிக்கெட் செலவைப் பற்றி என்ன முடிவு. கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டாம். உங்கள் லைசென்ஸ், பெர்மிட் இரண்டின் நகலையும் இணைத்து, 85,000-மும் 32,000-மும் தனித்தனித் தலைப்பில் கேளுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் அதே புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் திருப்தியாக இல்லை, அல்லது ஒரு மாதமாகியும் பதிலே இல்லை என்றால், இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டை பாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் உங்கள் வீடு இங்கே என்பதால் இங்கேயே கொடுக்கலாம். 50 லட்சம் வரைக்கும் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளவும் கூடாது. என் தொழிலுக்கு அது நஷ்டம்தான், ஆனால் உங்களைப் போல ஒரு லட்சத்துச் சொச்சம் கேட்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. கேட்ட ஆவணங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால் கம்பெனி கட்டுப்பட வேண்டும். பாதகமாக வந்தால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் போடுவது மட்டும் கூடாது.

அப்பா அலையாதே என்பதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். 2009-ல் அமெரிக்கா போன ஒருவருக்கு அங்கே மாரடைப்பு வந்தது; வெளிநாட்டு மருத்துவ பாலிசி இருந்தும் கம்பெனி மறுத்தது. மன்மோகன் நந்தா வழக்கு என்று பெயர். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது 2021 டிசம்பர் ஆகிவிட்டது. அப்பா பயப்படுவது இந்த மாதிரி வருடங்களுக்கு. அவரிடம், இது கோர்ட் இல்லை, தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகம், கறுப்புக் கோட்டு யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார். என் கருத்தும் அதுதான். டிராவல் பாலிசிக்கு ஆம்பட்ஸ்மேன் வரை போங்கள். அங்கேயும் தோற்றால், விலக்கு தெளிவாக எழுதப்பட்டு உங்கள் கைக்கு வந்திருந்த பட்சத்தில், நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்காமல் விட்டுவிடுங்கள். முழு வாசகமே வரவில்லை என்று காட்ட முடிந்தால் மட்டும் மேலே போவதில் பொருள் இருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு, சென்னையிலேயே போடலாம்.

வண்டிக் கடைக்குக் கொடுத்த 30,000 திரும்பாது. டிராவல் பாலிசியில் பிறருக்கு நாம் ஏற்படுத்தும் இழப்புக்கான பகுதி ஒன்று உண்டுதான், ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் அது வாகனத்தால் வந்த இழப்பைத் தொடாது. அதற்காக ஒரு நாள்கூடச் செலவழிக்காதீர்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் மட்டும் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி அந்தப் புத்தகம் எப்போதும் இந்திய அரசின் சொத்து. நம் பெயர் போட்டிருப்பதால் நம்முடையது ஆகிவிடாது. நகையைச் சேட்டுக் கடையில் வைப்பது போல அதை ஒரு வண்டிக் கடையில் வைக்க நமக்கு உரிமையே இல்லை. சட்டம் இருக்கட்டும், நடைமுறையைப் பாருங்கள்: எலும்பு முறிந்த ஒருவர் பேரம் பேச முடியாமல் கேட்ட தொகையை எண்ணி வைத்ததற்குக் காரணமே பாஸ்போர்ட் எதிர்த்தரப்பின் மேஜை டிராயரில் இருந்ததுதான். ரொக்கமாக முன்பணம் வாங்கிக்கொள்ளும் கடைகளும் உண்டு. பிடிவாதமாகப் பாஸ்போர்ட்தான் வேண்டும் என்றால் அடுத்த கடை. அப்படியும் மாட்டிக்கொண்டு, கொடுக்க மறுக்கிறார்கள் என்றால், ஹனோயில் இந்தியத் தூதரகமும் ஹோ சி மின் நகரில் துணைத் தூதரகமும் இருக்கின்றன; பணத்தை எண்ணுவதற்கு முன் அங்கே ஒரு போன் போட்டிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, சரி, நாம் வியட்நாம் போக வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். ஹா ஜியாங்கில் உள்ள டோங் வான் சுண்ணாம்புப் பாறைப் பீடபூமி 2010-லிருந்து யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற நிலவியல் பூங்கா. அந்த மலைச் சாலையை 1959-லிருந்து 1965 வரை கிட்டத்தட்டக் கைக்கருவிகளை வைத்தே வெட்டினார்கள். மா பி லெங் பகுதியில் மாதக்கணக்காகக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறை உடைத்திருக்கிறார்கள். கீழே நோ குவே ஆறு பச்சைக் கோடாக ஓடும். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பார்க்கப் போகிறவர் வண்டியைத் தானே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஈஸி ரைடர் கூலி என்பது, அந்தச் சாலை தெரிந்த, அந்த நாட்டில் செல்லும் லைசென்ஸ் உள்ள ஒரு ஆளுக்கான கூலி. முதுகுப்பைப் பயணத்தில் சிக்கனம் பிடிக்க எத்தனையோ இடம் உண்டு. கட்டில், சாப்பாடு, பேருந்து எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

தாய்லாந்து 1949 உடன்படிக்கையிலும் இருப்பதால் அங்கே நம் பெர்மிட் செல்லும். ஆனால் கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் அதைக் காட்டி ஸ்கூட்டர் ஓட்டினால் அதுவும் லைசென்ஸ் இல்லாத கணக்குதான். பெர்மிட்டில் இருசக்கர வாகனத்துக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மலையேற்றம் போகிறவர்கள் பாலிசியில் எத்தனை மீட்டர் உயரம் வரை என்று கேளுங்கள். ஏதாவது சந்தேகம் இருந்தால் ஆப்பில் டிக் அடிக்காமல், கம்பெனிக்கு மெயில் போட்டு, ‘நான் இந்த ஊரில் இந்த வண்டியை இந்த பெர்மிட்டோடு ஓட்டப்போகிறேன், பாலிசி பொருந்துமா’ என்று எழுத்தில் கேளுங்கள். வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மாதிரி ஒரு மெயிலோடு ஒரு கட்சிக்காரர் வந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

உங்களுக்குக் கடைசியாக, தோளில் இருக்கும் அந்த பிளேட். அதைப் பிறகு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அதுவும் ஓர் ஆபரேஷன், அதற்கும் கம்பெனி பாலிசியில் கேட்கலாம். அதற்குள் வேலை மாறினால், புதுக் கம்பெனியின் குரூப் பாலிசி பழைய உபாதைகளை முதல் நாளிலிருந்தே ஏற்கிறதா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். தனியாக உங்கள் பெயரில் ஒரு மெடிக்கல் பாலிசி எடுப்பதானால் விண்ணப்பத்தில் இந்த ஆபரேஷனை, தேதியோடு, விடாமல் எழுதுங்கள். இப்போதைக்கு அந்த ஒரு வரி மெயில் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, குறைதீர்ப்பு அதிகாரிக்கான கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். அவர் பதில் வந்த நாளிலிருந்து, அல்லது பதில் வராமல் ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து, ஆம்பட்ஸ்மேனிடம் போக உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது.